கல்லுப்பாதைக்கு இளக்கின வண்டி

கரிமாமா,

இப்படிக் கூப்பிட்டு எட்டு மாசம் ஆச்சுங்க. எஸ்டேட் லைன் வீடுங்கள்ல எல்லாருக்கும் நீங்க டிரைவரு. கணக்கு எழுதுற ரைட்டருக்கு நீங்க "ஏப்பா". எனக்கு மட்டுந்தான் கரிமாமா. கல்யாணமாகி வந்த மூணாம் நாள், எஸ்டேட் ஜீப்புக்கு அடியில இருந்து நீங்க மொகமெல்லாம் கரியா எந்திரிச்சு வந்த கோலத்தைப் பார்த்து வாய் தவறி வந்த பேரு அது. கோவிச்சுக்குவீங்கன்னு நெனைச்சேன். "அப்படியே கூப்புடு புள்ள, ஆனா மாராயி காதுல உழாமக் கூப்புடு"ன்னு சொன்னீங்க. மாராயி அக்கா பக்கத்து வீடு. நம்ம செவுத்துக்கு அந்தப் பக்கம் அவங்க காது. ரெண்டே நாள்ல லைன் முழுக்கத் தெரிஞ்சு போச்சு.

நேத்து தங்கச்சியைப் பார்க்க வெள்ளக்கடையில பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப். ஒருத்தர் மோட்டார் சைக்கிளோட முன்பக்க ஷாக்கைக் கழட்டி, அதுக்குள்ள இருந்த பழைய எண்ணெயை ஒரு தகர டப்பாவுல வடிச்சுக்கிட்டு இருந்தாரு. இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த அந்த வாசம் மூக்குல ஏறினதும் எனக்குக் கால் நகரலைங்க. நம்ம வீட்டு அடுப்படியில அந்த வாசத்தோட மூணு மாசம் சமைச்சிருக்கேன். "என்னங்கம்மா, வண்டி ஏதாச்சும் வேலைக்கு உடணுங்களா?"ன்னு அவரு கேட்டாரு. "இல்ல சாமி, சும்மா நின்னேன்"னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

அதனாலதான் இன்னைக்கு எழுத உக்காந்தேன். மூணாங்கிளாஸ் படிச்ச எழுத்து. கூட்டிக் கூட்டித்தான் எழுதுறேன். தப்பிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, நீங்க எனக்கு ஒரு கிளாஸ் கம்மி.

உங்ககிட்ட ஒரு விஷயத்தைப் பதினாலு வருஷம் சொல்லாம வச்சிருந்தேன். அதைச் சொல்லணும். நேரா சொல்ல வரலை, சுத்தித்தான் வருவேன், பொறுத்துக்குங்க.

நமக்கு முதல் ரெண்டும் தங்கலை. முதல் தடவை அஞ்சாம் மாசம், காப்பி மூட்டை ஏத்தின லாரியில முன்னாடி உக்காந்து கீழே போய் வந்த ரெண்டாம் நாள் கலைஞ்சுது. ரெண்டாவது ஏழாம் மாசம், டிராக்டர் டிரெய்லர்ல. லைன்ல இருந்து தார் ரோடு சேர்ற வரைக்கும் ரெண்டு மைலு. அது பாதையா? மலையை உடைச்சுக் கொட்டி வச்ச மாதிரி கல்லு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க, "மூணாவது நின்னா மாசாமாசம் வந்து காட்டணும். ஆனா அந்தக் குலுக்குற வண்டியில வராதே"ன்னு. அப்ப எதுல வர்றதுன்னு அவங்களும் சொல்லலை, நாமளும் கேக்கலை. ஜீப்பும் அந்தப் பாதையில சும்மா இல்லை, மண்டை மேல்கம்பியில இடிக்கும்.

மூணாவது நின்னுச்சு. அன்னைக்கே நீங்க சட்டையை மாட்டிக்கிட்டு நேரா காப்பிப்பழம் அரைக்கிற மிஷின் கொட்டகைக்குப் பின்னாடி போனீங்க. அங்கேதான் அந்தக் குட்டி வண்டி கெடந்துச்சு.

சின்ன முதலாளி கீழே இருந்து லாரியில ஏத்திக் கொண்டாந்த வண்டி. குழாயை வளைச்சுப் பத்த வச்ச கூடு, மேலே மூடி கெடையாது, பின்னாடி இஞ்சின், குண்டு குண்டா நாலு டயரு, முன்னால ரெண்டு சீட்டு, பின்னால ஒரு பலகை. காட்டுலயும் மேட்டுலயும் ஓட்டி விளையாடுறதுக்குன்னு செஞ்சது. அவரு அதைப் பக்கின்னு சொல்லுவாரு. பக்கின்னா நம்மூருல திட்டுற பேச்சு, அதனால நாங்க தவக்களைன்னு வச்சுக்கிட்டோம். அது குதிக்கிற குதிக்கு அந்தப் பேரு பொருத்தம். ரெண்டு மாசம் ஓட்டினாரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு, போட்டுட்டுப் போயிட்டாரு. அப்புறம் கோழிங்கதான் அதுல முட்டை வச்சுக்கிட்டு இருந்துச்சு.

"ரைட்டர் ஐயா, அந்த வண்டிக்கு முன்பக்கத்தை மாத்திப் பாக்கட்டுங்களா?"ன்னு நீங்க போய் நின்னதை மாராயி அக்காதான் வந்து சொன்னாங்க. ரைட்டரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாராம். "மாத்து. முதலாளி கேட்டா நான் அந்தப் பக்கமே போகலேன்னு சொல்லிருவேன்"னாராம்.

முதல் ஞாயித்துக்கெழமை, சோறாக்குற போசி நிறையத் தண்ணி ஊத்தி என் சீட்டுல வச்சு, பாதைக்குக் குறுக்கே ஓடுற ஓடை வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்க. எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குதோ அவ்வளவு நல்ல வண்டின்னு உங்க கணக்கு. திரும்பி வந்தப்ப தண்ணியும் இல்லை, போசியும் இல்லை. காப்பிச் செடிக்குள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தீங்க, ஒரு பக்கம் நசுங்கி. மாராயி அக்கா வாசல்ல நின்னு, "ஏனுங்க டிரைவரு, போசிக்கே இந்தக் கதின்னா புள்ளத்தாச்சி எந்தச் செடியில கெடப்பா?"ன்னு கேட்டாங்க. லைனே சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க. ஆனா ராத்திரி வெகு நேரம் அந்தப் போசியைத் தட்டி நிமித்திக்கிட்டு இருந்தீங்க.

முன்சக்கரத்துக்கு மேலே, ஒவ்வொரு பக்கமும் எட்டு இரும்புப் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக் கட்டியிருந்தாங்க. "லாரி தாங்குற பட்டை புள்ள இது. இந்தக் கூட்டுக்கு எதுக்கு?"ன்னு ஒண்ணொண்ணாக் கழட்டினீங்க. ஒரு பட்டை கழட்டினா ஒரு ஓட்டம். நாலு பட்டை கழட்டியும் தண்ணி பாதிக்கு மேல நிக்கலை. அன்னைக்குச் சாயங்காலம் நான் பழம் பறிக்கிற கூடைக்கு மூங்கில் பட்டை மாத்திக்கிட்டு இருந்தேன். நீங்க எதிர்ல குத்த வச்சுக்கிட்டு, "நாலு பட்டைக்கு ஏன் இப்படி வெறச்சுக்கிட்டு நிக்குது?"ன்னு உங்களுக்கு நீங்களே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் ஒண்ணும் தெரிஞ்சு சொல்லலைங்க. கைவேலையில வாய் பேசினது. "ரெண்டு முனையையும் இறுக்கிப் புடிச்சா எப்படிங்க வளையும்?"னேன்.

என் கையில இருந்த மூங்கில் பட்டையைப் புடுங்கினீங்க. வில்லாட்டம் வளைச்சுத் தரையில வச்சு, ரெண்டு முனையையும் என்னை அழுத்திக்கச் சொன்னீங்க. நடுவுல அமுக்கினீங்க, இறங்கலை. "ஒரு கையை எடு"ன்னீங்க. எடுத்தேன். பட்டை அந்தப் பக்கமா வழுக்கிக்கிட்டு மெத்துனு இறங்குச்சு. நீங்க என் முகத்தைப் பார்த்த பார்வை, கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பார்க்கலை மாமா. "ரெண்டு முனையிலயும் போல்ட்டை முடுக்கி வச்சிருக்கான் புள்ள இதைச் செஞ்ச மனுசன்"னு சொல்லிட்டு அப்படியே எந்திரிச்சு ஓடினீங்க. மறுநாள், ஒரு முனை அப்படியே இருக்க, மறுமுனையை ரெண்டு இரும்புத் துண்டுல ஊஞ்சல் மாதிரித் தொங்க விட்டீங்க. அந்த வாரம் முக்கால் போசித் தண்ணி வீடு வந்து சேர்ந்துச்சு.

அப்பவும் ஒரு குறை. கல்லைத் தாண்டினப்புறமும் வண்டி மூக்கை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. ஏறி உக்காந்த எனக்கு ஓடைக்கிட்டயே குமட்டிருச்சு. "பட்டை தாங்கும், அடக்காது. அடக்க ஷாக்கு வேணும்"னு சொன்னீங்க. ஒண்டிக்கடை ஊருப் பக்கம் ஒரு உடைஞ்ச மோட்டார் சைக்கிள்ல இருந்து ரெண்டு ஷாக் வாங்கிட்டு வந்து, நம்ம அடுப்படியிலதான் பிரிச்சுப் போட்டீங்க. மழைக்காலம், வெளியே இடமில்லை. கொஞ்சம் கெட்டி எண்ணெய் ஊத்தி, கையால அமுக்கிப் பார்த்து, மறுபடி வடிச்சு, மறுபடி ஊத்தி. பருப்புச் சட்டியிலயும் அந்த வாசம் வந்துச்சு. நான் புள்ளைக்காகத்தானேன்னு தின்னேன்.

எடை போடச் சொன்னப்பத்தான் நமக்குள்ள சண்டை. ஆளு உக்காந்தா முன்பக்கம் எவ்வளவு இறங்கும்னு பார்க்கணும், பழம் நிறுக்கிற தராசுல ஏறி நில்லுன்னீங்க. வயித்துப்புள்ளையை எடை போட்டா வளர்த்தி நின்னுரும்னு நம்ம லைன்ல எல்லாரும் நம்புறதுதான். நான் மாட்டேன்னுட்டேன். நீங்க ஒரு நாள் பூரா மல்லுக்கட்டினீங்க. அப்புறம் நீங்களே ஒரு வழி கண்டீங்க. என்னையும் மாராயி அக்காவையும் வண்டியில ஏத்தி உக்கார வச்சு, ஒரு குச்சியைச் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவுல நிறுத்தி, கத்தியால கோடு போட்டீங்க. "எம்பட எடைக்கு ஒரு கோடு தனியாப் போடுங்க டிரைவரு, உங்க பொண்டாட்டி தலையில கட்டிராதீங்க"ன்னு மாராயி அக்கா சொன்னாங்க. பழைய டயரை அறுத்து, பட்டை முழுசா இறங்கினா இரும்பு இரும்புல இடிக்காம இருக்க ரப்பர்க்கட்டை வச்சீங்க.

ஆறாம் மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஏழாம் மாசம் போனோம், எட்டாம் மாசம் போனோம். போசியில ஒரு சொட்டுக்கூடச் சிந்தலைன்னு சொன்னா பொய். ஆனா என் வயித்துல ஒரு வலியும் வரலை. கல்லு மேலே முன்சக்கரம் ஏறும், இறங்கும், எனக்குத் தொடை வரைக்கும்தான் தெரியும், வயித்துக்கு வராது. ஒண்டிக்கடையில நிறுத்தினா கூட்டம் கூடிரும். "ஏனுங்க, இது வண்டியா தொட்டிலா?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. "ரெண்டுந்தானுங்க"ன்னு நீங்க சொன்னீங்க. அப்படி ஒரு பெருமையா நீங்க பேசி அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. டாக்டரம்மாவே வெளியே வந்து, குனிஞ்சு முன்பக்கத்தைப் பார்த்துட்டுப் போனாங்க.

இனிமே எழுதுறதுதான் கஷ்டமுங்க.

ஒம்பதாம் மாசம். நான் அடுப்பு முன்னாடி குத்த வச்சு உக்காந்தா வயித்துல ஒரு உதை விழும், தெனமும். ஒரு நாள் விழலை. தூங்குதுன்னு நெனைச்சேன். சக்கரைத் தண்ணி குடிச்சேன், ஒருக்களிச்சுப் படுத்தேன். மறுநாளும் ஒண்ணும் இல்லை. வயிறு கல்லாட்டம் இருந்துச்சு. அன்னைக்கு நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க, "என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"ன்னு. "வெய்யிலு"ன்னேன். வாயைத் திறந்து சொல்லிட்டா அது நெசமாயிரும்னு ஒரு பயம். ரெண்டு தடவை பட்டவளுக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னு மனசு சொல்லும்.

அதுக்கு மறுநாள் மத்தியானம் இடுப்பு வலி எடுத்துச்சு. நீங்க வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினீங்க, மாராயி அக்கா பின்னால ஏறிக்கிட்டாங்க. ராத்திரி பெய்ஞ்ச மழையில ஓடையில கல்லெல்லாம் பொரண்டு கெடந்துச்சு. நீங்க எவ்வளவு மெதுவா எறக்கினீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தும் வலது பக்கம் ஒரு பள்ளத்துல விழுந்து டணார்னு ஒரு சத்தம். ஷாக்கைப் புடிச்சிருந்த போல்ட்டு அறுந்துருச்சு. வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுச்சு. நீங்க குதிச்சு ஓடிப்போய்க் குனிஞ்சு பார்த்துட்டு நிமிர்ந்தீங்க, ஒரு சொட்டு ரத்தம் இல்லை முகத்துல. "வலிக்குதா புள்ள? வலிக்குதா?" அதையே கேட்டுக்கிட்டு வந்தீங்க ஆஸ்பத்திரி வரைக்கும். அந்தப் பக்கச் சக்கரம் லொட்டு லொட்டுனு அடிச்சுக்கிட்டே வந்துச்சு.

பொறந்தது பொம்பளைப் புள்ள. உசிரில்லை. அவ்வளவுதான் உங்ககிட்டச் சொன்னாங்க.

என்கிட்ட டாக்டரம்மா சொன்னது வேற. கதவைச் சாத்திட்டு, என் பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. "இது இன்னைக்கு நடந்தது இல்லம்மா. ரெண்டு நாள் ஆயிருக்கும். அசைவு நின்னது உனக்குத் தெரியலையா?"

"தெரியலைங்க"ன்னேன்.

"உன் வீட்டுக்காரரு வெளியே அழறாரு. வண்டி குலுங்கினதாலதான்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. நானே சொல்லிக்கிறேனுங்க."

நீங்க உள்ளே வந்தப்ப கையில அந்தப் பாதிப் போல்ட்டு இருந்துச்சு. "பழைய போல்ட்டு புள்ள. ஷாக்கோட வந்ததையே மாட்டிட்டேன். புதுசு போட்டிருக்கோணும். நாந்தான் கொன்னுட்டேன்"னீங்க. நான் வாயைத் திறந்தேன், சாமி சத்தியமாத் திறந்தேன். மாராயி அக்கா கதவுக்கிட்ட நின்னாங்க. நான் சொன்னா அவங்க கேப்பாங்க, லைன் கேக்கும், நீங்க கேப்பீங்க: ரெண்டு நாளா அசையலைன்னா ஏன் சொல்லலை? அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா புள்ள இருந்திருக்குமே? அந்தக் கேள்வி முன்னாடி நிக்க எனக்குத் தெம்பில்லை. "விடுங்க மாமா"ன்னேன். அந்த ஒரு பேச்சுல நான் உங்களை மன்னிச்ச மாதிரி ஆயிப்போச்சு. நீங்க செய்யாத தப்புக்கு நான் உங்களை மன்னிச்சேன். நீங்க அதுக்கு என் காலைப் புடிச்சீங்க.

வண்டியை உடைச்சுப் போட்டுருவீங்கன்னு எல்லாரும் நெனைச்சாங்க. ஒரு வாரம் கழிச்சுப் போய் முன்பக்கம் பூராவும் கழட்டினீங்க. ஒரு போல்ட்டு இருந்த எடத்துல ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே ஒரு ஆணி, கழண்டுக்காம இருக்க. மாராயி அக்கா மருமகளுக்கு வலி எடுத்தப்ப, "இதுல ஏற பயந்தா ஏற வேண்டாமுங்க"ன்னு நீங்க தலை குனிஞ்சு சொன்னீங்க. மாராயி அக்காதான், "நாங்க ஏறாம யாரு ஏறுவா, எடுங்க வண்டியை"ன்னாங்க. அந்தப் புள்ள நல்லபடியாப் பொறந்துச்சு. அப்புறம் கரடியூர்ப் பக்கத்துல இருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டாங்க. ஓடைக்கு முன்னாடி நிறுத்தி, கீழே எறங்கி, ஒவ்வொரு போல்ட்டா விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் தண்ணியில எறக்குவீங்க. வலியில கத்திக்கிட்டு இருந்தாலும் சரி, அதை நீங்க விட்டதில்லை. துணைக்கு நானும் வருவேன். நீங்க தொட்டுப் பாக்குறப்ப நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.

எத்தனை தடவை சொல்ல வந்தேன். செஞ்ச குத்தத்தைக் கழிக்கத்தான் நீங்க ஓட்டுறீங்க, நெசம் தெரிஞ்சா இந்த வண்டி நின்னுரும், நாலு பொம்பளைங்களுக்கு ஆகாமப் போயிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் மாமா. மீதி, நீங்க என்னைப் பாக்குற பார்வை மாறிருமேங்கிற பயம். நமக்கு அப்புறம் ஒண்ணும் தங்கலை. ஆளுங்க பரிதாபப்பட்டா நீங்க முந்திக்கிட்டு, "எம்பட குத்தமுங்க, அவ மேல ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிருவீங்க. அதைக் கேட்டுக்கிட்டு நான் சோறு போட்டிருக்கேன்.

டாக்டரம்மா வேற ஊருக்கு மாத்திப் போறதுக்கு முந்தின வாரம், வெள்ளக்கடைக்காரப் பொண்ணு ஒருத்தியைக் கொண்டு போய் விட்டோம். திரும்புறப்ப டாக்டரம்மா உங்களை மட்டும் வராண்டாவுல கூப்பிட்டாங்க. நான் வண்டியில உக்காந்திருந்தேன். கேக்காத தூரம். அவங்க பேசினாங்க, நீங்க கேட்டீங்க. நடுவுல ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தீங்க. அப்புறம் நீங்க கும்பிட்டீங்க, அவங்க உள்ளே போயிட்டாங்க. வந்து வண்டியை எடுத்தீங்க. ஓடைக்கிட்ட நிறுத்துவீங்கன்னு பார்த்தேன். நீங்க நிறுத்தலை, எறங்கலை, தொட்டுப் பாக்கலை. நேரா தண்ணியில விட்டீங்க. அக்கரை ஏறினதும், "சாப்புட்டியா புள்ள?"ன்னு கேட்டீங்க. "இல்லைங்க"ன்னேன். "ஊட்டுக்குப் போயி நா சோறாக்குறேன், நீ படுத்துக்க"ன்னீங்க. நீங்க சோறாக்கினது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த தடவை போனப்ப, எப்பவும் போல நிறுத்தி எல்லாப் போல்ட்டையும் தொட்டுப் பார்த்தீங்க. அதனால எனக்குக் குழம்பிப் போச்சு. அதுக்கப்புறம் யாராச்சும் பரிதாபப்பட்டா, "எம்பட குத்தம்"னு நீங்க சொன்னீங்களான்னு நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன். சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது. பாதைக்குத் தார் போட்டாங்க, வண்டியை எஸ்டேட்டுல எடுத்துக்கிட்டாங்க, உங்களுக்கு நெஞ்சுச்சளி வந்துச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துல மூணு வாரம் உக்காந்திருந்தேன். அப்பக்கூடச் சொல்லலை. நீங்களும் கேக்கலை. என் கையைப் புடிச்சுக்கிட்டு, இடிஞ்ச நம்ம கோழிக்கூட்டைப் பத்திப் பேசினீங்க. அப்படியே போய்ச் சேர்ந்துட்டீங்க.

இப்ப சொல்லிட்டேன். சொன்னா பாரம் இறங்கும்னாங்க, இறங்கலை. அசையாத அந்த ரெண்டு நாளையும் நான் இன்னும் வயித்துலதான் வச்சிருக்கேன். அந்தப் புள்ள என்னாலதான் போச்சான்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன், அது எனக்கும் ஆண்டவனுக்கும் உள்ளது. ஒண்ணு மட்டும் கேக்குறேன்.

அன்னைக்கு வராண்டாவுல டாக்டரம்மா உங்ககிட்ட என்ன மாமா சொன்னாங்க?